ஜன்னலோர மேசையின் பி கிரேடு

வெரிஃபையர் மெஷின் முன்னால் உட்காரப்போகிற பிள்ளைகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரிட்டையர் ஆகியும் அது போகவில்லை. "பாஸ்னு காட்டுது மேடம்" என்று யாராவது வந்து நின்றால் இப்போதும் சுர்ரென்று ஏறும். மெஷின் காட்டுகிறது சரி, நீ என்ன பார்த்தாய் என்று கேட்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே யோக்கியதை இல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். மெஷினை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போயிருந்த நேரம். கொண்டுபோன கொழுந்தை டீ ஃபேக்டரியில் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள். ரோட்டோரத்தில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவர்களை நான் பஸ்ஸில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. குன்னூரிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில், இரும்பு அலுமினிய வேலை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகளுக்கான பிரேக் பாகம் ஒன்றைச் செய்து, கீழே கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு லாரியில் அனுப்புவோம்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினியக் கட்டை அது. அதன் ஒரு முகத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சதுரம். சதுரம் முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். ஒட்டின ஸ்டிக்கர் இல்லை, உலோகத்திலேயே குத்தின பார்கோடு. எங்கேயோ ஒரு வண்டியில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி நொறுங்கியே போனாலும், அந்தச் சதுரத்தைப் படித்தால் போதும். இந்தக் கட்டையை என்றைக்குச் செய்தார்கள், இதோடு கூடப் பிறந்த மற்ற கட்டைகள் எல்லாம் எந்தெந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தேடிப் பிடித்து நிறுத்திவிடலாம். முதல் தடவை இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனூண்டு இடத்துக்குள் இத்தனை உயிரா என்று கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நம் வேலை, அந்தச் சதுரம் படிக்க வருகிறதா என்று மட்டும் பார்ப்பது இல்லை. எவ்வளவு நன்றாகப் படிக்க வருகிறது என்று வெரிஃபையரில் வைத்துப் பார்த்து ஏ முதல் எஃப் வரை கிரேடு போடுவது. சி-க்குக் கீழே போனால் கட்டை வாசலைத் தாண்டக் கூடாது.

புள்ளி குத்தும் மெஷினில் இருந்தவள் சரோஜா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. எஸ்டேட்டில் வேலை குறைந்து, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஆள் கூப்பிட ஆரம்பித்ததும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். புருஷனுக்கு அந்த இரண்டு நாளும் நிச்சயம் இல்லை. ஒன்பதாவது படிக்கிற மகள் ஒருத்தி, பெயர் கவிதா.

"இந்த வேலையும் இல்லேன்னா திருப்பூருக்குத்தான் மேடம்," என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "பனியன் கம்பெனியில மூணு பேரையும் எடுத்துக்குவாங்களாம்."

மூன்று பேர் என்றால் கவிதாவையும் சேர்த்து. படிப்பு அத்தோடு போச்சு என்று அர்த்தம். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்.

வெரிஃபையருக்கு ஒரு கறுப்பு மூடி உண்டு. வெளி வெளிச்சம் உள்ளே வராமல் கேமராவையும் கட்டையையும் சேர்த்து மூடிக்கொள்ளும். மெஷினுக்கு உள்ளேயே ஒரு பக்கமிருந்து அடிக்கிற விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பிரச்சனையும் இல்லை. எங்கள் ஊரில், ஐப்பசி கார்த்திகையில், அந்த மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். லென்ஸில் பனி படிந்து படமே தெரியாது. அரைமணிக்கு ஒரு தரம் துடைத்துத் துடைத்து எனக்கு வெறுத்துப்போனது. ஒருநாள் மூடியைக் கழற்றி பீரோ மேலே போட்டேன். மெஷினை ஜன்னலோர மேசைக்கு மாற்றினேன். காற்றோட்டம் இருந்ததால் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. படம் பளிங்கு மாதிரி வந்தது. கிரேடும் சும்மா அடுக்கடுக்காக பி, பி என்று விழுந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே ஸ்டெல்லா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் கட்டையின் முகத்தைச் சீவுகிற மில்லிங் பகுதியில் கட்டரை மாற்றினார்கள். கட்டையின் முகத்தில் கட்டர் ஓடிய கோடுகள் முன்னைவிடக் கொஞ்சம் ஆழமாக விழுந்தன. முதல் கட்டையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். மேசையில் வைத்தேன், பி வந்தது, ஓகே போட்டுக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து சரோஜா இரண்டு கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், இத என் மெஷின்கிட்ட இருக்குற பல்புல சாய்ச்சுப் பாத்தேன். கோடுதான் தெரியுது. புள்ளி அதுக்குள்ள முழுகிப்போவுது."

வாங்கி மேசையில் வைத்தேன். பி.

"பி வந்திருக்கு பாரு. போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. ஜன்னலைக் காட்டினாள். "இப்ப மேகம் எறங்கியிருக்குல்ல மேடம். மேகத்துல பறிச்சா முத்துன எலையும் கொழுந்தாட்டந்தான் தெரியும். கணக்கப்புள்ள வெளிச்சத்துல கொட்டிப் பாக்கிறப்பதான் ஏச்சு விழும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "இது எஸ்டேட் இல்ல சரோஜா, இங்க கணக்கப்பிள்ளையும் இல்ல. இவ்வளவு பெரிய மெஷின் சொல்லுது, நீ அதவிடப் பெரிய ஆளா?" என்றேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை லாரி திரும்பி வந்தது. போன சரக்கு அப்படியே பெட்டி பெட்டியாக. கீழே கம்பெனியில் பார்கோடு படிக்கிற ரீடர் கட்டைகளில் பாதியைப் படிக்கவில்லையாம். மார்க்கிங் கோளாறு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "திங்கக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் குடுக்கோணும். ஆர்டரே போயிரும் போல இருக்குதுங்க. யாரு, என்ன தப்புன்னு தெளிவா எழுதுங்க," என்றார்.

நான் யோசித்த அழகைப் பாருங்கள். பெட்டிக்கு ஒரு கட்டைதான் நான் சோதிப்பேன். சோதித்ததெல்லாம் பி. அப்படியென்றால் நான் பார்க்காத கட்டைகளில்தான் கோளாறு, ஊசியைச் சரியாக இறக்காமல் ஏனோதானோ என்று குத்தியிருக்கிறாள். என் மெஷின் தப்புச் செய்யாது, நானும் தப்புச் செய்ய மாட்டேன், மிச்சம் இருந்தது சரோஜா. அரைமணி நேரத்தில் ரிப்போர்ட் எழுதி, கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். மோசமான கட்டைகள் நாலைந்தைச் சோதித்து, கிரேடு விழுந்த தாளை மட்டும் சனிக்கிழமை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனாள். "போயிட்டு வர்றேன் மேடம்," என்றாள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. குற்றம் செய்தவள், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அட, என் புத்தியே!

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. காலையிலிருந்தே மேகம் ஜன்னலை ஒட்டி நின்றது. எதிரில் இருக்கிற தேயிலைச் சரிவு இருக்கும் இடமே தெரியவில்லை. திரும்பி வந்த பெட்டியிலிருந்து, கீழே படிக்கவில்லை என்று சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பிய கட்டையாகப் பார்த்து எடுத்து மேசையில் வைத்தேன்.

பி.

இன்னொன்று. பி. மூன்றாவதும் பி.

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. கீழே இருக்கிறவர்களுக்குக் கண் இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே, நாலாவது கட்டையை வைத்து, விடாமல் படித்துக்கொண்டே இருக்கிற மாதிரி மெஷினைப் போட்டேன். திரையில் பி நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஜன்னலில் மேகம் விலக ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் மேகம் விலகுவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குப் பார்த்தது போல் பார்த்ததில்லை. சரிவின் உச்சியில் ஒரு வரிசைத் தேயிலைச் செடி தெரிந்தது, அதற்குக் கீழே இன்னொரு வரிசை, அப்புறம் ரோடு. சூரியன் சாய்வாக வந்து மேசையில் விழுந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

டி.

கட்டையை நான் தொடவில்லை. கை என் மடியில்தான் இருக்கிறது. திரையில் இருந்த படம் வேறு படமாகிவிட்டது. கட்டர் ஓடிய கோடுகள் எல்லாம் சீப்பின் பல் மாதிரி எழுந்து நின்றன. புள்ளிகள் அதற்குள் முழுகிப்போயிருந்தன. முழுகிப்போவுது என்று அவள் சொன்னாளே, அதே சொல்தான் எனக்கும் வாயில் வந்தது.

மேகம் திரும்பி வந்தது. சரிவு மறைந்தது. கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின, புள்ளிகள் மேலே வந்தன. டி போய் சி வந்தது, சி போய் பி வந்தது. மறுபடி வெயில், மறுபடி டி. இப்படி மூன்று தடவை. "ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னேன், அந்த ஹாலில் என்னைத் தவிர யாரும் இல்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மூடி இல்லாத மேசையில் ஜன்னல் வெளிச்சம் மெஷின் விளக்கை அமுக்கிவிடும், மேகத்தில் வருகிற வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் மெத்தென்று வரும், எதற்கும் நிழல் விழாது, கோட்டுக்கும் விழாது, அவ்வளவுதானே என்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரு மலையையே மூடுகிற மேகம், அரை நகத்தளவு சதுரத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்து எழுந்து போவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வாரமாக நான் கிரேடு போட்டது கட்டைக்கு இல்லை, மேகத்துக்கு. அதை ஒருத்தி, மெஷின் இல்லாமல், ஒரு பல்பையும் தன் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்து, என்னிடம் வந்து சொல்லியும் இருக்கிறாள். எப்பேர்ப்பட்ட கண் அது! பயபக்தி என்று சொல்வார்களே, எனக்கு அது கோயிலில் வந்ததைவிட அந்த மேசையில் அதிகமாக வந்தது.

பீரோ மேலிருந்து மூடியை எடுத்துத் துடைத்து மாட்டினேன். டி. டி. எஃப். டி.

மேனேஜர் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். மூடியைக் கழற்றிக் காட்டினேன், மாட்டிக் காட்டினேன். அவரே மூடியை வாங்கி இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க ஸ்டெல்லா," என்றார் கடைசியில், "புது ஆளு அசால்ட்டா இருந்துட்டான்னு எழுதினா மன்னிச்சுருவாங்க. சோதிக்கிற மேசையே தப்புன்னு எழுதினா, இதுவரைக்கும் போன அத்தனை லாரியையும் சந்தேகப்படுவாங்க. சூப்பர்வைசர் போஸ்டுக்கு உங்க பேரத்தான் நான் மேல அனுப்பியிருக்கறேன். அதையும் யோசிச்சுக்கோங்க. அவளுக்கென்ன, திருப்பூர் போனாலும் வேலை கிடைக்கும். நாளைக்கு மத்தியானம் பஸ்சுக்கு எறங்கறாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அந்தக் கம்பெனியை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவருக்குத்தான் தெரியும். நானும் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், உடனே வீரமாகப் பேசிவிடவில்லை. சூப்பர்வைசர் போஸ்டு கண் முன்னால் வந்து போனது. அப்புறம் ஒன்று தோன்றியது. போன லாரிகளைச் சந்தேகப்படுவார்கள் என்கிறாரே, சந்தேகப்படத்தானே வேண்டும்? எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியத்தானே அந்தச் சதுரமே இருக்கிறது? படிக்க முடியாத சதுரத்தோடு அவை வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? பிள்ளைகளா, ரொம்ப நெருக்கடியில் இருக்கும்போது இப்படி ஒரு அசட்டுக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நல்லது கெட்டது என்று பெரிதாக யோசித்தால் குழம்பிவிடும். இந்த வேலை எதற்காக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

"மாத்தி எழுதறேன் சார்," என்றேன்.

"எழுதி எடுத்துட்டு வாங்க. திங்கக்கிழமை அனுப்பலாம்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

டைப் அடிக்கிற பெண் அன்று வரவில்லை. கையாலேயே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் மஞ்சூர் பஸ் ஏறினேன். லயத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை, வாசலில் சாமான் கிடந்த வீடு அது ஒன்றுதான். சரோஜாவின் புருஷன் பாயையும் போர்வையையும் சுருட்டிக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். பாத்திர மூட்டை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கவிதா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் புத்தகப் பை. அதை மூட்டையோடு சேர்ப்பதா விடுவதா என்று யாரும் முடிவு செய்யாதது போல் அது தனியாக இருந்தது.

"வாங்க மேடம்," என்றாள் சரோஜா. ஒரு டம்ளர் பிளேன்டீ, பால் விடாத டீ, கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ சொன்னதுதான் சரி," என்றேன். "மேகந்தான். நான்தான் தப்பு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு."

அவள் புருஷன் கயிற்றை விடவில்லை. "முந்தாநாளு போன்னீங்க, இன்னைக்கு வான்றீங்க. இன்னும் ரெண்டு நாளு கழிச்சு மறுபடி போன்னா, நாங்க எத்தன வாட்டி மூட்ட கட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி.

"அன்னிக்கு மேனேஜர் முன்னாடி நீ ஏன் சத்தம் போடல?" என்று சரோஜாவைக் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"உங்க கையெழுத்து விழுந்ததுக்கு அப்புறம் நான் பேசினா அது புலம்பல் மேடம்," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "அதுக்கு முன்னாடி பேசினேன். நீங்கதான் கேக்கல."

என்னை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி அடித்ததில்லை.

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மகளிடம் கொடுத்தாள். கவிதா எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போலவே, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ஒரு வரி வாசிப்பாள், தமிழில் அம்மாவுக்குச் சொல்வாள். மார்க்கிங்கில் தப்பு இல்லை என்று வந்தது. ஆபரேட்டர் முன்கூட்டியே எச்சரித்தார் என்று வந்தது. அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அடுத்த வரியில் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள்.

"இந்த வார்த்தைக்கு என்ன மேடம் அர்த்தம்?"

எட்டிப் பார்த்தேன். "அலட்சியம்," என்றேன்.

"யாரோட அலட்சியம்?"

"என்னோடது."

அவள் கீழே இருந்த என் பெயரை ஒரு தடவை வாசித்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அம்மா, தப்பு இந்த மேடத்தோடதுன்னு இந்த மேடமே எழுதியிருக்காங்க," என்றாள். அவளால் அதை நம்ப முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சரோஜா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கயித்த அவுருங்க," என்றாள்.

கவிதா காகிதத்தை நாலாக மடித்துத் தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் வேறு நகல் இல்லை. திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே போய் உட்கார்ந்து, அதை முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை எழுதினேன்.